காலை உணவு: எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது, எப்போது வைத்தியரைக் கேட்பது

இங்கிலாந்தில் வெளியாகும் சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களில் காலை உணவு என்ற தலைப்பின் கீழ் வரும் பட்டியல் பெரும்பாலும் ஒன்றே: ஓட்ஸ் கஞ்சி, முழுத்தானியப் பாண், சீனி சேராத தானியச் சீவல், தயிர், பழம். பட்டியலில் பிழை எதுவும் இல்லை. ஆயினும் பிட்டும் சம்பலும், இடியப்பமும் சொதியும், தோசையும் சட்னியும் உண்ணும் வீட்டில் அதனை வாசிப்பவர் இரு முடிவுகளுள் ஒன்றுக்கு வருகிறார். இது தமக்காக எழுதப்பட்டதன்று எனப் பிரசுரத்தை மடித்து வைத்துவிடுகிறார். அல்லது பிட்டைக் கைவிட்டாலன்றி எடை குறையாது என எண்ணி, இரு வாரம் ஓட்ஸ் உண்டு, மூன்றாம் வாரம் பழைய தட்டுக்கே திரும்புகிறார். இரண்டுக்கும் அவசியமில்லை. பழகிய உணவையே வைத்துக்கொண்டு அதன் அளவையும் துணைக்கறிகளையும் மாற்றுவது பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதுமானது. உணவை மாற்றுவதற்கு முன் வைத்தியரைக் கேட்டே ஆகவேண்டியவர்களும் உள்ளனர். அவர்களைப் பற்றிய பகுதி பின்னர் வருகிறது. மாத்திரை உட்கொள்பவர்கள் அதனை முதலில் வாசிப்பது நன்று.

காலையில் உண்டால் எடை குறையுமா?

காலை உணவே நாளின் முதன்மையான உணவு, அதைத் தவறவிட்டால் உடல் பருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. இதற்கான சான்று எண்ணப்படும் அளவுக்கு வலுவானதன்று. பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் 2019 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று 13 பரிசோதனைகளின் பெறுபேறுகளை ஒன்றுசேர்த்து நோக்கியது. காலை உணவு எடையைக் குறைக்க உதவுகிறது என்பதற்கு அதில் ஆதாரம் கிட்டவில்லை. காலையில் உண்டவர்கள் நாள் முழுவதற்குமாகச் சற்றுக் கூடுதலான கலோரிகளையே உட்கொண்டிருந்தனர். அப்பரிசோதனைகள் பலவும் குறுகிய காலத்தவை என்பதால் அதனை இறுதித் தீர்ப்பாகவும் கொள்ளலாகாது.

எனவே, மருந்து எதுவும் உட்கொள்ளாத, காலையில் பசி எடுக்காத வளர்ந்தவர் ஒருவர் எடைக்காகவென்று தம்மை வற்புறுத்தி உண்ண வேண்டியதில்லை. ஆனால் காலை உணவைத் தவிர்த்த ஒருவர் பதினொரு மணிக்குக் கடையில் இரண்டு ரோல்ஸும் சீனி போட்ட தேநீரும் வாங்குவாராயின், அவர் காலை உணவைத் தவிர்க்கவில்லை. அதனிலும் குறைந்த தரமுடைய ஒன்றுக்கு மாறியிருக்கிறார். வளரும் பிள்ளைகளின் நிலை வேறு. காலையில் எதுவும் உண்ணாமல் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை மதிய உணவு வேளை வரை பசியோடு வகுப்பில் இருக்க நேரிடும்.

ஒரு நூலால் அளந்து பார்க்கலாம்

பி.எம்.ஐ. எனப்படும் உடற்றிணிவுச் சுட்டெண் 25 ஐத் தாண்டினால் அதிக எடை, 30 ஐத் தாண்டினால் உடற்பருமன் என்பது பொதுவாக அறியப்பட்ட கணக்கு. தெற்காசியப் பின்னணி உடையவர்களுக்கு இவ்வெல்லைகள் பொருந்தா. அவர்களுக்கு 23 இல் அதிக எடையும் 27.5 இல் உடற்பருமனும் தொடங்குவதாகவே இந்நாட்டின் மருத்துவ வழிகாட்டல் கொள்கிறது. குறைந்த எடையிலேயே வயிற்றைச் சூழக் கொழுப்புச் சேர்வதும், இரண்டாம் வகை நீரிழிவு இளவயதிலேயே வருவதும் இதற்குக் காரணம். 160 சென்ரிமீற்றர் உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட ஒருவரின் சுட்டெண் ஏறத்தாழ 24. பொதுக் கணக்கில் இது நல்ல எடை. தமிழர் ஒருவருக்கு அவ்வாறன்று. "பார்த்தால் மெலிவு, இவருக்கு எங்ஙனம் நீரிழிவு?" என்ற வியப்பு பல வீடுகளில் எழுவதற்கான விடை இங்கேதான் உள்ளது.

எண்களை விரும்பாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. உச்சந்தலையிலிருந்து பாதம் வரை உயரத்தின் அளவுக்கு ஒரு நூலை வெட்டி, அதனைச் சரிபாதியாக மடிக்க வேண்டும். மடித்த நூல் இடையைச் சுற்றி முனையோடு முனை தொடுமாயின் நன்று. எட்டவில்லையாயின் இடைச் சுற்றளவு உயரத்தின் பாதியை விஞ்சிவிட்டது என்பது பொருள். அளக்கும் இடம் விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே இருத்தல் வேண்டும். புடவை உடுத்தும் இடமும் காற்சட்டையின் பட்டி நிற்கும் இடமும் பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால், அவற்றை வைத்து அளப்பவருக்குத் தவறான ஆறுதலே கிட்டும். மூச்சை உள்ளிழுக்காமல், இயல்பாக வெளியே விட்ட பின்னர் அளத்தல் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இவ்வளவு பொருந்தாது.

தட்டில் என்ன இருக்கிறது?

யாழ்ப்பாணத்து வீட்டின் காலைத் தட்டை ஒருமுறை கூர்ந்து நோக்கலாம். அரிசி மா அல்லது அவித்த கோதுமை மாவில் செய்த பிட்டு, அதனுள் தேங்காய்ப்பூ, மேலே தேங்காய்ப்பாற் சொதி, அருகே தேங்காய்ச் சம்பல், பல நாட்களில் உருளைக்கிழங்குக் கறியும் ஒன்று. மூன்று வடிவங்களில் தேங்காய், இரண்டு வடிவங்களில் மாச்சத்து. மரக்கறி என்று சொல்லத்தக்கது சொதியில் மிதக்கும் வெங்காயமும் கறிவேப்பிலையுமே. உருளைக்கிழங்கு, மரவள்ளி, வாழைக்காய் முதலியவை சமையலறையில் மரக்கறி எனக் கணக்கிடப்பட்டாலும், நாளொன்றுக்கு ஐந்து பங்கு மரக்கறியும் பழமும் உண்ணுமாறு தேசிய சுகாதார சேவை கூறும் கணக்கில் அவை சேர்வதில்லை. மாச்சத்து வகையிலேயே அடங்கும். பிட்டோடு உருளைக்கிழங்குக் கறி உண்பது சோற்றோடு சோற்றைக் கறியாக உண்பதற்குச் சமம்.

இதில் முதலாவதாகச் செய்யத்தக்கது, பிட்டின் அளவைச் சற்றுக் குறைத்து, உருளைக்கிழங்கின் இடத்தில் பருப்பு, கடலை, பயறு ஆகியவற்றுள் ஒன்றை வைத்தல். இரவில் ஊறவைத்த பயறு காலையில் விரைவாக அவிந்துவிடும், விலையும் குறைவு. முட்டை உண்பவர்களுக்கு ஒரு முட்டை. மீன் உண்பவர்களுக்குத் தக்காளிச் சாறில் அடைத்த மத்திமீன் பேணி பிட்டுக்கு நல்ல துணை. அதில் புரதத்தோடு விற்றமின் டி-யும் உண்டு. புரதமும் நார்ச்சத்தும் கூடிய உணவு வயிற்றில் நெடுநேரம் நிற்கும். பதினொரு மணிப் பசியைத் தள்ளிப்போடும்.

இரண்டாவது, ஒரு கீரை அல்லது மரக்கறி. முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், கீரைப்பிட்டு ஆகிய யாவும் ஊரில் காலை வேளையில் உண்ணப்பட்டவையே. முருங்கையிலை கிடைக்காத இடத்தில் இங்குள்ள பசளிக்கீரையும் கோவாவும் அந்த வேலையைச் செய்யும். உறைநிலையில் விற்கப்படும் கீரை தரத்தில் தாழ்ந்ததன்று. கழுவி நறுக்கும் நேரமும் மிஞ்சும்.

மூன்றாவது, மா. வெள்ளை அரிசி மாவிலும் வெள்ளைக் கோதுமை மாவிலும் தவிட்டோடு நார்ச்சத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்டுவிடுகிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 கிராம் நார்ச்சத்துத் தேவை. தவிடு நீக்காத சிவப்பரிசி மா, குரக்கன் மா, ஆட்டா மா ஆகியவற்றைப் பாதிக்குப் பாதி கலந்து தொடங்கினால் வீட்டிலுள்ள பிள்ளைகளும் பெரிதாக முறையிடமாட்டார்கள். பொதியில் 'சிவப்பரிசி' என எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்கலாகாது. பொதியில் உள்ளவற்றை எடையின் இறங்குவரிசையில் குறிப்பிட வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். எனவே பட்டியலில் முதலாவதாக நிற்பது கோதுமை மாவாயின், பெயர் எதுவாயினும் அது பெரும்பாலும் கோதுமை மாவே.

குரக்கனைப் பற்றி ஒரு சொல். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு, நார்ச்சத்தும் மிகுதி. ஆயினும் அது நீரிழிவுக்கு மருந்தன்று. குரக்கனும் மாச்சத்தே. குரக்கன் பிட்டு என்பதற்காக இருமடங்கு உண்பவரின் குருதியில் சர்க்கரை உயரத்தான் செய்யும். 'நல்ல உணவு' என்று பெயர்பெற்ற ஒவ்வொன்றுக்கும் இவ்விதி பொருந்தும்.

நான்காவது, தேங்காய். அதை நீக்கச் சொன்னால் எவரும் கேட்கப்போவதில்லை, கேட்க வேண்டிய தேவையுமில்லை. நிறைவுற்ற கொழுப்பின் நாளாந்த உச்ச அளவு பெண்களுக்கு 20 கிராம், ஆண்களுக்கு 30 கிராம். தேங்காய்ப்பாற் பேணியின் பின்புறத்தில் 100 மில்லிலீற்றருக்கு எவ்வளவு நிறைவுற்ற கொழுப்பு எனக் குறிக்கப்பட்டிருக்கும். அதனை ஒருமுறை வாசித்தவர் முழுப் பேணியையும் சொதியில் ஊற்றத் தயங்குவார். ஊரில் முதற்பாலைச் சிறிதளவும் கப்பிப்பாலைப் பேரளவும் சேர்த்தே சொதி வைத்தனர். பேணிப் பாலில் பாதியை எடுத்து நீர் கலந்தால் ஏறத்தாழ அந்தப் பதமே வரும். பிட்டில் தேங்காய்ப்பூ இருக்கும் நாளில் சம்பலைத் தக்காளி, இஞ்சி, புதினா முதலியவற்றால் செய்துகொள்ளலாம். தோசை வார்ப்பவர்கள் எண்ணெயைப் போத்தலிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளந்து விடுவது நன்று. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 40 கலோரி உண்டு. கருவாடும் ஊறுகாயும் உப்பின் கணக்கில் வருவன. நாள் முழுவதற்கும் உப்பு 6 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி, என்பதே எல்லை.

தேநீரில் ஒளிந்திருக்கும் சீனி

வளர்ந்தவர் நாளொன்றுக்கு உட்கொள்ளத்தக்க சேர்க்கப்பட்ட சீனி 30 கிராமுக்கு மேற்படலாகாது. நான்கு கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி எனில் 32 கிராம். பிஸ்கட்டும் சர்பத்தும் இன்னும் கணக்கில் வரவில்லை. தேனும் பனங்கட்டியும் இக்கணக்கில் சீனியே. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்பவர் சீனியை விட்டுவிட்டதாகக் கருதுவது தவறு. இனிப்பூட்டிய ரின்பாலின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரையே. ஒரே நாளில் நிறுத்துவதைக் காட்டிலும் வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைப்பவர்களே பெரும்பாலும் வெற்றி பெறுகின்றனர். நாக்கு ஓரிரு மாதங்களில் பழகிவிடும்.

பிள்ளைகளுக்கு எல்லை இன்னும் குறைவு: 4 முதல் 6 வயது வரை 19 கிராம், 7 முதல் 10 வயது வரை 24 கிராம். சொக்லேற் சேர்ந்த தானியச் சீவல்களும் மோல்ற் பானங்களும் சத்துணவு என்ற பெயரில் இவ்வளவில் பெரும்பங்கைக் காலையிலேயே நிரப்பிவிடக்கூடும். பல பொதிகளின் முன்புறத்தில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறிகள் உள்ளன. 100 கிராமில் 22.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சிவப்பு. 5 கிராம் அல்லது அதற்குக் குறைவாயின் பச்சை. ஆங்கிலம் வாசிக்க இயலாத பாட்டியும் நிறத்தைப் பார்த்துத் தெரிவுசெய்யலாம்.

இரும்புச்சத்துக் குறைந்தவர்கள் உணவோடு தேநீர் அருந்தாமல் ஒரு மணிநேரமாவது இடைவெளி விடுதல் வேண்டும். தேநீர், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கும்; தேசிக்காய்ச் சாறு அதற்குத் துணைசெய்யும்.

மாத்திரையும் விரதமும்

எடை குறைப்பதில் அக்கறை கொண்டவர் தாமாகவே காலை உணவை நிறுத்துவதும், விரத நாட்களில் நீரும் பாலும் மட்டும் அருந்துவதும் வழக்கம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்கு இது ஆபத்தாக முடியலாம். கிளிக்லசைட் என்னும் மாத்திரை காலை உணவோடு எடுப்பதற்கெனவே வழங்கப்படுவது. அது உடலைக் கூடுதல் இன்சுலின் சுரக்கச் செய்யும். மாத்திரையை விழுங்கிவிட்டு உணவைத் தவிர்த்தால் குருதியிற் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும். இன்சுலின் ஊசி ஏற்றுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மெற்போமின் தனித்து எடுக்கப்படும்போது இவ்வாறு தாழ்வது அரிது. எனினும் வயிற்றுக் குழப்பத்தைத் தவிர்க்க அதனையும் உணவோடு எடுத்தல் வேண்டும்.

வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, நெஞ்சுப் படபடப்பு, தடுமாற்றம் ஆகியன சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். விரத நாளில் இவற்றைப் 'பசிக்களை' என்று பொறுத்துக்கொள்வோர் உளர். பொறுத்துக்கொள்ளலாகாது. அளவுமானி 4 க்குக் கீழே காட்டினால் உடனே சிறு குவளை பழச்சாறு அல்லது குளுக்கோசு வில்லைகள் எடுத்து, 10 முதல் 15 நிமிடங்களில் மீண்டும் சோதித்தல் வேண்டும். சீரானதும் பிஸ்கட் அல்லது பாண் போன்ற சிற்றுண்டி ஏதேனும் உண்ண வேண்டும். மயங்கியவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. 999 ஐ அழைப்பதே முறை. இன்சுலின் ஏற்றுபவர்கள் சர்க்கரை 5 க்குக் குறைவாக இருக்கும்போது வாகனம் ஓட்டத் தொடங்கலாகாது. விரதம் முடித்து ஆலயத்திலிருந்து தாமே வாகனம் செலுத்தித் திரும்புபவர்கள் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

விரதத்தைக் கைவிடுமாறு எந்த வைத்தியரும் கட்டாயப்படுத்தப்போவதில்லை. கந்தசஷ்டியின் ஆறு நாளும், கேதாரகௌரி விரதத்தின் இருபத்தொரு நாளும் முன்கூட்டியே அறியப்பட்டவை. சில வாரங்களுக்கு முன்னர் குடும்ப வைத்தியரையோ நீரிழிவுத் தாதியையோ சந்தித்தால் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தரும் வாய்ப்பு உண்டு. மருந்தகத்திலுள்ள மருந்தாளரை முன்பதிவு இன்றியே கேட்கலாம்.

தைரொயிட் குறைபாட்டுக்கான லீவோதைரொக்சின் இதற்கு நேர்மாறானது: வெறும் வயிற்றில், காலை உணவுக்கும் தேநீருக்கும் குறைந்தது 30 நிமிடங்களுக்கு முன்னர் எடுக்க வேண்டும். இரண்டு மாத்திரைகளையும் ஒரே வாய்த் தேநீரோடு விழுங்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அதனைத் திருத்திக்கொள்ளுதல் அவசியம்.

இரவுப் பணி முடித்து வருபவர்கள்

பெற்றோல் நிலையங்களிலும் முதியோர் இல்லங்களிலும் களஞ்சியங்களிலும் இரவுப் பணி புரிவோருக்குக் காலை ஏழு மணி என்பது நாளின் முடிவு. அவ்வேளையில் முந்தைய இரவின் சோற்றையும் கறியையும் வயிறார உண்டு உடனே உறங்குவதே எடைகூடுவதற்கு வழிவகுக்கும். பணிக்குச் செல்லுமுன் முழு உணவையும், திரும்பியபின் ஒரு தோசை அல்லது ஒரு கிண்ணக் கஞ்சி அளவில் இலேசான உணவையும் உண்பது உறக்கத்துக்கும் உகந்தது. பகலில் உறங்கி வெயில் காணாத இவர்கள் விற்றமின் டி-யிலும் கவனம் செலுத்துதல் நன்று. நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வில்லையை எல்லோரும் இலையுதிர், குளிர் காலங்களிலும், கருநிறத் தோல் உடையவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பது பற்றி எண்ணிப் பார்க்குமாறு அரசின் ஆலோசனை கூறுகிறது.

கிடைக்கும் சேவைகள்

40 முதல் 74 வயதுவரை உள்ள, ஏற்கெனவே இதயநோய், நீரிழிவு போன்றவை கண்டறியப்படாதவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதம் ஆங்கிலத்தில் வருவதால் விளம்பரம் என எண்ணிக் குப்பையில் இடலாகாது. 40 வயதை எட்டாத தமிழர்களும், குறிப்பாகப் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ நீரிழிவு இருப்பின், குருதிப் பரிசோதனை பற்றிக் குடும்ப வைத்தியரிடம் கேட்கலாம். தெற்காசியருக்கு 25 வயதிலிருந்தே ஆபத்துக் கூடுகிறது. எச்.பி.ஏ.1.சி. எனப்படும் பரிசோதனையில் 42 முதல் 47 வரை வந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. அந்நிலையில் இருப்பவர்கள் தேசிய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் ஒன்பது மாத இலவச வழிகாட்டலுக்கு அனுப்பப்படலாம். நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ உடைய, சுட்டெண் 27.5 ஐத் தாண்டிய தெற்காசியர்களுக்கு இணையவழியில் 12 வார எடைகுறைப்புத் திட்டமும் உண்டு.

மாத்திரை அல்லது ஊசி எடுக்கும் நீரிழிவாளருக்கு மருந்துச் சீட்டுக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் நீரிழிவைப் பேணுபவருக்கு இல்லை. விலக்கு தானாக வருவதன்று: வைத்தியசாலையில் படிவம் பெற்று விண்ணப்பித்துச் சான்றிதழ் பெறல் வேண்டும். சான்றிதழ் ஐந்தாண்டுக்கே செல்லும். காலாவதியானதை அறியாது 'இலவசம்' என்ற கட்டத்தில் குறியிட்டவருக்கு 100 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம்.

இங்கிலாந்தின் சில ஆரம்பப் பாடசாலைகளில் 2025 ஏப்ரல் முதல் இலவசக் காலை உணவுக் கழகங்கள் நடைபெறுகின்றன. பிள்ளையின் பாடசாலை அதில் சேர்ந்துள்ளதா என்பதை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

வைத்தியரைச் சந்திக்க நேரம் பதிவுசெய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை எனக் கூறினால் கட்டணமின்றி ஒழுங்குசெய்யப்படும். பதினான்கு வயது மகனைக் கொண்டு தாயின் மாதவிடாயையும் மருந்தையும் மொழிபெயர்ப்பிப்பது இருவருக்கும் சங்கடம். அதில் விடுபடும் ஒரு சொல் மாத்திரையின் அளவையே மாற்றிவிடலாம். சந்திப்புக்குச் செல்லுமுன் மூன்று நாட்களின் உணவைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதிச் செல்வது பயன்தரும். அத்தாளில் 'கொஞ்சம் இடியப்பம்' என்று எழுதுவதால் பயனில்லை. எத்தனை இடியப்பம், எத்தனை அகப்பை சொதி, எத்தனை கரண்டி சீனி என்று எழுதுதல் வேண்டும்.